டெல்ரின், நைலான், பிபிடி பாகங்களில் இங்க் நிற்க வேண்டுமா? பேட் பிரிண்டிங் முழு வழிகாட்டி

அம்பத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் எங்கே போனாலும் மோல்டிங் யூனிட்டின் பிரிண்டிங் மூலையில் கேட்கும் புகார் ஒன்றுதான். "இங்க் சரியில்ல சார், நகத்தால சுரண்டினா உரிஞ்சு வருது." உடனே இங்க் கம்பெனியை மாற்றுவார்கள், இங்கை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவார்கள், ஓவனில் இன்னும் அரை மணி நேரம் வைப்பார்கள். அப்போதும் உரியும்.

பெரும்பாலும் குற்றவாளி இங்க் டப்பாவுக்குள் இருப்பதில்லை. எந்தப் பிளாஸ்டிக், டையில் என்ன ஸ்ப்ரே அடித்தார்கள், டை எவ்வளவு சூடாக ஓடியது, பாகம் எத்தனை நாள் எந்தப் பையில் கிடந்தது, இவற்றிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அதனால் இங்கைப் படி 6இல்தான் தொடப் போகிறோம். ஸ்விட்ச் நாப், எம்சிபி கைப்பிடி, கனெக்டர், வண்டியின் கன்ட்ரோல் பட்டன் போன்ற சிறிய பாகங்களில் எழுத்தும் குறியும் போடுவதை மனதில் வைத்து எழுதுகிறேன். இவற்றுக்குப் பெரும்பாலும் பேட் பிரிண்டிங்தான் வழி: பிளேட்டில் பொறித்த குழியிலிருந்து இங்கை மென்மையான சிலிக்கான் பேட் எடுத்து, பாகத்தில் அமுக்கி இறக்கும் முறை. வளைவு, குழி, மேடு எல்லாவற்றிலும் அது படியும்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக்?

"என்ஜினியரிங் பிளாஸ்டிக்" என்று பர்சேஸ் ஆர்டரில் எழுதியிருந்தால் அது பதில் ஆகாது. பாகத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 11469 முறைப்படி, இரண்டு கூர்க் குறிகளுக்கு நடுவே பிஏ66-ஜிஎஃப்30 என்பதுபோல் டையிலேயே பொறித்திருப்பார்கள். அது 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66. குறி இல்லையென்றால் மோல்டரிடம் கிரேடு டேட்டா ஷீட் கேளுங்கள்.

அதுவும் கிடைக்கவில்லையென்றால் பழைய முறை: பாகத்தோடு ஒட்டி வரும் கழிவுத் தண்டான ரன்னரில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்ப்பது. டெல்ரின் என்று கடையில் சொல்லும் அசிட்டல், கண்ணுக்கே சரியாகத் தெரியாத நீலச் சுடரில் எரியும், அணைத்ததும் கண்ணைக் கரிக்கும். அது ஃபார்மால்டிஹைடு, முகர்ந்து பார்க்காதீர்கள். நைலான் முடி கருகும் வாசம் தரும். ஏபிஎஸ் கரும்புகையும் நூல் நூலான புகைக்கரியும் விடும். பாலிகார்பனேட்டும் கரி விடும், ஆனால் நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். தீத்தடுப்பு மருந்து கலந்த கிரேடுகளில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஆகவே இதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள்.

பெயர் தெரிந்ததும் அதை இரண்டு கூட்டத்தில் ஒன்றில் போடுங்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக், ஹை இம்பாக்ட் ஸ்டைரீன் ஆகியவை படிக அமைப்பு இல்லாதவை. இங்கில் உள்ள சால்வென்ட் இவற்றின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி உள்ளே கடித்துக்கொள்ளும். ஒட்டுவது சுலபம். டெல்ரின், நைலான், பிபிடி (பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட்), பிபி (பாலிபுரொப்பிலீன்), பிபிஎஸ் (பாலிஃபினைலீன் சல்ஃபைடு) ஆகியவை பாதிப் படிக அமைப்பு கொண்டவை. சால்வென்ட் இவற்றைத் தொட்டும் பார்க்காது. பெட்ரோல் டேங்குக்குள் டெல்ரின் பாகம் வருடக்கணக்கில் சும்மா கிடப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் இங்க் ஒட்டாததற்கும் காரணம்.

படி 2: டைன் பேனாவை நம்புங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

திரவம் ஒரு பரப்பில் பரவ வேண்டுமானால் பரப்பின் ஆற்றல் திரவத்தின் இழுவிசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொழிலில் இதை டைன் என்றே சொல்வார்கள். டெஃப்லான் 20க்கு அருகில், பிபி 30க்கு அருகில், டெல்ரின் 36-38 வாக்கில், நைலானும் பாலிகார்பனேட்டும் 40க்கு மேல். பொதுவாக 38க்குக் கீழே இருந்தால் பிரிண்ட் போட வேண்டாம். 42 இருந்தால் நிம்மதி.

டைன் பேனா என்பது குறிப்பிட்ட இழுவிசை கொண்ட திரவம் நிரப்பிய பேனா. 38 எண் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். 2 விநாடி கோடு கோடாகவே நின்றால் பரப்பு 38க்கு மேல். தாமரை இலைத் தண்ணீராகச் சுருங்கித் திரண்டால் கீழே. கோடு போட்ட பாகத்தை பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நைலானில் 42 பேனா அழகாகப் பரவும். பிபிடியிலும் பரவும். உடனே "டைன் ஓகே" என்று ரிப்போர்ட் எழுதி பிரிண்ட் போட்டால், மறுநாள் டேப் ஒட்டி இழுத்தால் டேப்போடு எழுத்தும் வரும். டைன் பேனா சொல்வது இங்க் பரவுமா என்பதை மட்டும்தான். பிடித்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. பாதிப் படிகப் பிளாஸ்டிக்கில் சால்வென்ட் கடி கிடைக்காததால், பரப்பில் ஆக்சிஜன் குழுக்களை உண்டாக்கி அவற்றோடு ஹார்டனர் கைகோக்கும்படி செய்வதைத் தவிர வழியில்லை. இன்னொன்று: பரப்பில் ஏதாவது அழுக்கு ஈரமாகப் படிந்திருந்தாலும் பேனா நல்ல எண் காட்டலாம். அழுக்கின் மேல் ஒட்டிய இங்க் அழுக்கோடுதான் போகும்.

படி 3: மோல்டிங் ஷாப்பில் கேட்க வேண்டியவை

ஸ்ப்ரே. சிலிக்கான் மோல்டு ரிலீஸ் இருக்கும் இடத்தில் பிரிண்டிங் வேண்டாம். பிரிண்ட் போகும் பாகத்தின் டையில் அடிக்கவில்லை, பக்கத்து மெஷினில்தான் அடிக்கிறோம் என்பார்கள். காற்றில் மிதந்து வரும் அளவே போதும். பிரிண்டில் மீன்கண் போல வட்ட வட்டமாக இங்க் விலகி நின்றால் முதல் சந்தேகம் சிலிக்கான் மேல் போகட்டும். ஆபரேட்டர் "ஸ்ப்ரே அடிக்கவே இல்லை" என்று சத்தியம் செய்தாலும் மெஷினுக்கு அடியில் காலி டப்பா கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

டை சூடு. கண்ணாடி இழை நைலானில் டை குளிர்ச்சியாக ஓடினால் இழை மேலே எழுந்து பரப்பு வெள்ளை வெள்ளையாக, சொரசொரப்பாகத் தெரியும். அந்த இழையின் மேல் மெல்லிய எழுத்து பிசிறடிக்கும். டை சூட்டை ஏற்றினால் பரப்பில் நைலான் தோல் தடிமனாக வந்து இழை மூடிக்கொள்ளும். சைக்கிள் டைம் கூடும் என்று மோல்டர் முனகுவார். அது நியாயமான முனகல்தான். ஆனாலும் இந்தப் பேச்சுவார்த்தையை பிரிண்ட் ரிஜெக்ஷனுக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

உள்ளே கலந்த மருந்து. வழுக்கும் தன்மைக்காகச் சேர்க்கும் அமைடு மெழுகுகளும் சில தீத்தடுப்பு மருந்துகளும் நாள்பட மேலே கசியும். மோல்டான அன்று ஒட்டிய இங்க், ஒரு மாதம் கோடவுனில் இருந்த அதே பாகத்தில் ஒட்டாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். முடிந்தவரை புதிதாக வந்த பாகத்தில் பிரிண்ட் போடுங்கள்.

ஈரம். நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரண அறைக் காற்றிலேயே எடையில் 2.5 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடும் சேரும், இங்க் ரெசினுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு அங்கே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் திறந்த டிரேயில் வைத்த நைலான் பாகத்தில் ஒட்டுதல் குறைவது இதனால்தான். மோல்டானதும் பையில் போட்டு ஒட்டிவிடச் சொல்லுங்கள். வெந்நீரில் ஊறவைத்து கண்டிஷனிங் செய்யும் பாகம் என்றால், பிரிண்ட் போட்டு இங்க் முழுதாக இறுகிய பிறகு கண்டிஷனிங் செய்து, அதற்கப்புறமும் டேப் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

படி 4: துடைப்பு, பிறகு நெருப்பு

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். நூல் உதிராத துணி, புதிய மடிப்பு, ஒரே திசையில் ஒரு இழுப்பு. ஒரே துணியால் ஒரு டிரே முழுக்கத் துடைத்தால் முதல் பாகத்தின் எண்ணெயைக் கடைசிப் பாகம் வரை பூசிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். துடைத்தபின் வெறுங்கையால் பிரிண்ட் பரப்பைத் தொடக்கூடாது. பாலிகார்பனேட்டை அசிட்டோனாலோ தின்னராலோ துடைக்கவே கூடாது. மோல்டிங்கில் உள்ளே தங்கிய இறுக்கத்தோடு சால்வென்ட் சேர்ந்தால் மயிரிழை விரிசல் விடும். சில சமயம் அது கஸ்டமர் இடத்தில் ஸ்க்ரூ முடுக்கும்போதுதான் தெரியும்.

பிபி, டெல்ரின் இரண்டுக்கும் அடுத்தது ஃபிளேம் டிரீட்மென்ட். சிறு யூனிட்டுக்கு கேஸ் பர்னரே போதும், ஆனால் சுடரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். காற்று கொஞ்சம் கூடுதலாகக் கலந்த, மஞ்சளே இல்லாத நீலச் சுடர் வேண்டும். மஞ்சள் தெரிந்தால் கேஸ் அதிகம், அது பரப்பில் கரியைத்தான் பூசும். சுடருக்குள்ளே பளிச்சென்று ஒரு கூம்பு தெரியும். பாகம் அந்தக் கூம்பின் நுனியைத் தொடாமல், நுனிக்குச் சற்று வெளியே கடந்து போக வேண்டும். நிற்கக் கூடாது, கடக்க வேண்டும். பாகம் சுடரில் இருக்கும் நேரம் ஒரு விநாடியின் சிறு பகுதிதான். பளபளப்பு மங்கினாலோ ஓரம் உருண்டாலோ அதிகமாகிவிட்டது. கையால் காட்டினால் காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் ஒட்டுதல் மாறும். ஒரு சிறு கன்வேயரில் வேகத்தைப் பூட்டிவிடுங்கள்.

நெருப்பு காட்டிய உடனே டைன் பேனா வைத்துப் பாருங்கள். அன்றைக்கே பிரிண்ட் போடுங்கள். ஏறிய டைன் நாளாக ஆக இறங்கும். ஆல்கஹால் டப்பாவை பர்னர் இருக்கும் மேஜையில் வைக்காதீர்கள், துடைத்த ஈரம் காயாத பாகத்தையும் சுடருக்குள் அனுப்பாதீர்கள்.

மின்னேற்றிய வாயுவைப் பரப்பில் பாய்ச்சும் பிளாஸ்மா வசதி இருந்தால் நைலானுக்கும் பிபிடிக்கும் அது இன்னும் சீராக வேலை செய்யும். இங்குக்கு அடியில் முன்பூச்சாக பிரைமர் துடைத்துப் போடும் வழியும் உண்டு. அதில் ஒரு கை வேலை கூடும், சீராகப் பூசவில்லையென்றால் பாகத்தில் திட்டுத் தெரியும்.

படி 5: பிளேட்டும் பேடும்

பிளேட்டில் குழியின் ஆழம் 20 முதல் 30 மைக்ரான். 25க்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம். குழியில் உள்ள இங்கில் ஏறக்குறைய பாதிதான் பேடில் ஏறிப் பாகத்துக்குப் போகும், காய்ந்தபின் இன்னும் மெலியும். கறுப்புப் பாகத்தில் வெள்ளை எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று பிளேட்டை ஆழமாக்காதீர்கள், ஓரம் வழியும். ஈரத்தோடு ஈரமாக இரண்டு முறை அடித்தால் வெள்ளை நிற்கும். அகலமான திட நிறப் பகுதிக்குப் புள்ளி போட்ட ஸ்க்ரீன் பிளேட் வேண்டும். இல்லையென்றால் பேட் நடுவில் உள்ள இங்கை அமுக்கி ஒதுக்கிவிடும். நீண்ட ஓட்டத்துக்கு ஸ்டீல் பிளேட், குறைந்த எண்ணிக்கைக்கு போட்டோபாலிமர்.

பேடின் கூர்முனை படத்தின் மேல் விழக்கூடாது, அதற்குப் பக்கத்தில் விழ வேண்டும். முனை முதலில் தொட்டு, அங்கிருந்து உருண்டுகொண்டே போனால்தான் காற்று வெளியேறும். தட்டையான பேட் காற்றைச் சிறைப்பிடித்து எழுத்துக்குள் ஊசித்துளை விடும். பரப்பு அனுமதித்தால் கடினமான பேட் எழுத்தைக் கூர்மையாகத் தரும். குழிவான நாபுக்கு மென்மையான பேட் வேண்டும். புதிய பேடில் சிலிக்கான் எண்ணெய் கசியும், அதனால் ஆல்கஹாலால் துடைத்து, காகிதத்தில் கொஞ்சம் அடித்துவிட்டு வேலைக்கு எடுங்கள்.

படி 6: இங்க் கலப்பது

பாதிப் படிகப் பிளாஸ்டிக்குக்கு ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக இங்க்தான். ஒற்றை இங்கில் வேலை முடிந்தால் மலிவு என்று தோன்றும். ஏபிஎஸ் பொம்மைக்குச் சரி, நைலான் கனெக்டருக்கு அது நிற்காது.

எடை போட்டுக் கலக்க வேண்டும். விகிதம் இங்குக்கு இங்க் மாறும், ஒன்றில் 10க்கு 1, இன்னொன்றில் 4க்கு 1 என்றிருக்கும். டேட்டா ஷீட்டில் உள்ளதை டப்பாவின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். ஹார்டனரைக் கூட்டினால் கூடுதலாக ஒட்டும் என்பது தவறு. இங்க் கண்ணாடிபோல நொறுங்கும். முதலில் ஹார்டனர், நன்றாகக் கலக்கியபின் தின்னர் 10 முதல் 20 சதவீதம். மே மாத வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் வேகமான தின்னரை இன்னும் ஊற்றாமல், காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் கொஞ்சம் சேருங்கள்.

கலந்த இங்கின் ஆயுள் பெரும்பாலும் ஒரு ஷிப்ட். வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. இதில் ஒரு பொறி இருக்கிறது: ஆயுள் முடிந்த இங்க் கட்டியாகிவிடாது. திரவமாகவே இருக்கும், எழுத்தும் அழகாக விழும், ஒட்டும் சக்தி மட்டும் போயிருக்கும். சாயங்கால லாட் மட்டும் ரிஜெக்ட் ஆகிறதென்றால் இங்கே பாருங்கள். கலந்த நேரத்தை இங்க் கப்பில் ஒட்டி வையுங்கள். பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். ஹார்டனர் டப்பாவை எடுத்த கையோடு இறுக மூடுங்கள், ஈரக் காற்று பட்டால் வீண்.

ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக்கூடியது. ஒருமுறை உடலுக்கு அதனால் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவே தாங்காது. நைட்ரைல் கையுறையும் எக்ஸாஸ்டும் கட்டாயம்.

படி 7: அந்த ஓரிரு விநாடி

பேட் பிரிண்டிங்கின் சூட்சுமம் முழுவதும் சால்வென்ட் எப்போது பறக்கிறது என்பதில் இருக்கிறது. பிளேட்டின் குழியில் இங்கின் மேல்புறம் காற்றுப்பட்டு லேசாகப் பிசுபிசுக்கும். பேட் வந்து அமுக்கும்போது அந்தப் பிசுபிசுப்புதான் அதில் ஒட்டி எழும். இப்போது முன்பு குழியின் அடியில் இருந்த ஈரப் பக்கம் வெளியே தெரிகிறது. பேட் பாகத்தை நோக்கி நகரும் அந்தச் சிறிய நேரத்தில் இந்தப் பக்கமும் பிசுபிசுக்கிறது. பாகத்தில் அமுக்கியதும் பேடைவிடப் பாகத்தின் மேல் பிடிமானம் அதிகமாகி, இங்க் முழுதாக இறங்கிவிடுகிறது.

இதை வைத்தே பெரும்பாலான கோளாறுகளைப் படித்துவிடலாம். பேட் பிளேட்டிலிருந்து எடுக்கவே இல்லையென்றால் இங்க் குழியிலேயே காய்ந்துவிட்டது, அல்லது இன்னும் தண்ணியாக இருக்கிறது. எடுத்துவிட்டுப் பாகத்தில் பாதியை மட்டும் விட்டால், வெளிப்பக்கம் பிசுபிசுக்க நேரம் போதவில்லை. பேடுக்குக் காற்று ஊதுங்கள் அல்லது நகர்வை மெதுவாக்குங்கள். ஏசி காற்றோ மின்விசிறியோ மெஷின் மேல் நேராக அடித்தால் காலையில் வைத்த செட்டிங் பத்து மணிக்கு நிற்காது.

எழுத்தின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மயிர் மயிராக இங்க் பறந்தால் அது நிலைமின்சாரம். வறண்ட நாட்களில் ஏசி அறையில் அதிகம் வரும். நிலைமின்சாரத்தைப் போக்கும் அயனைசர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ரிடார்டர் சேர்த்துப் பாருங்கள்.

படி 8: இறுக வைப்பது

தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும். அது காய்ந்தது மட்டும்தான், இறுகியதல்ல. அறைச் சூட்டில் விட்டால் முழுதாக இறுக 5 முதல் 7 நாள். 80 டிகிரியில் அரை மணி நேரம் கொடுத்தால் பெருமளவு முன்னேறும். ஓசூரில் மார்கழி இரவில் கோடவுன் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஐசோசயனேட் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். இரவு ஷிப்ட் பாகங்களை ஓவன் இல்லாமல் விடாதீர்கள்.

டெல்ரினுக்கு இந்த 80 போதாது. டெல்ரினுக்கென்று சொல்லி விற்கும் இங்கை எடுத்து, பிரிண்டுக்குப் பின் 120 முதல் 150 டிகிரி வரை சுடுகாற்றில் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை இங்கின் டேட்டா ஷீட்டும் உங்கள் பாகத்தின் தடிமனும் தீர்மானிக்கும். அசிட்டல் 165 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும். ஆகவே ஓவன் காட்டும் எண்ணை நம்பாமல், பாகத்தின் பக்கத்தில் சூடு அளக்கும் தனி தெர்மோகப்பிள் வையுங்கள். சூட்டுக்குப்பின் அளவு சுருங்கியிருக்கிறதா என்று வெர்னியரில் பார்க்காமல் அடுத்த லாட்டை உள்ளே தள்ளாதீர்கள்.

படி 9: சோதனை

ஓவனில் இருந்து எடுத்த சூட்டோடு டேப் ஒட்டிப் பார்ப்பது ஆறுதலுக்கு மட்டுமே. குறைந்தது 24 மணி நேரம் விட்டு எடுங்கள்.

கட்டம் கீறும் சோதனைக்கு எழுத்து சின்னது என்றால், அதே பாகத்தில் அதே இங்கில் 10 மி.மீ. சதுரமாக ஒரு சோதனைப் பிளேட் வைத்து அடித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 2409 முறையில் இரு திசையிலும் 6 கீறல், ஆக 25 கட்டம். டேப் ஒட்டி, இழுத்து, லென்ஸில் பாருங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். ஐஎஸ்ஓ முறையில் 0 என்பது அருமை, 5 என்பது படுமோசம். அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி3359இல் நேர்மாறு, 5பி அருமை, 0பி எல்லாம் போச்சு. ரிப்போர்ட்டில் வெறும் "5" என்று எழுதி அனுப்பினால் சண்டை நிச்சயம்.

மின்சாதனப் பாகம் என்றால் ஐஇசி 60335-1 சொல்லும் தேய்ப்பு இருக்கிறது: தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பிறகு பெட்ரோலியம் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி கையால் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகும் எழுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். கார், பைக் பாகத்துக்கு இவற்றோடு கஸ்டமரின் சொந்தப் பட்டியலும் வரும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இங்க் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்

தினம் விரல் படும் பட்டனில், அதுவும் டெல்ரினில், எழுத்து பல வருடம் நிற்க வேண்டும் என்று கேட்டால் நான் இங்கை விட்டுவிட்டு லேசரைச் சொல்வேன். லேசருக்கென்று மருந்து கலந்த கிரேடில் 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் நல்ல மார்க் தரும், உரிய ஒன்றுமில்லை. நிறம் வேண்டுமென்றால் மட்டும் இங்க். பிபிடியில் இன்னொரு அழகான வழி உண்டு, நல்ல கீபோர்டு கீகளில் பார்த்திருப்பீர்கள். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கிப் பிளாஸ்டிக்குள்ளேயே ஊற விடுவது. அந்தச் சூட்டை பிபிடி தாங்கும், ஏபிஎஸ் வளைந்துவிடும். சாயம் பரப்பைக் கருமையாக்கத்தான் செய்யும், ஆகவே கறுப்புப் பாகத்தில் வெள்ளை எழுத்தை இந்த வழியில் எதிர்பார்க்க முடியாது.

ரிஜெக்ட் ஆனதை மீட்க

இறுகும் முன்பே, மெஷின் பக்கத்திலேயே பிடித்துவிட்டால் டெல்ரின், நைலான், பிபிடி பாகங்களை இங்க் கம்பெனியின் கிளீனரால் துடைத்து மறுபடி அடிக்கலாம். இந்தப் பிளாஸ்டிக்குகளின் சால்வென்ட் பிடிவாதம் இங்கே நமக்குச் சாதகம். ஆனால் துடைத்ததும் நெருப்பு காட்டிய பரப்பும் போயிருக்கும், படி 4இலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் பாகத்தைத் தின்னரால் துடைத்து மீட்க நினைக்காதீர்கள். பளபளப்புத் திட்டாகப் போகும், விரிசல் அபாயம் வேறு. ஓவன் தாண்டிவிட்ட இரண்டு பாக இங்கை எந்தப் பிளாஸ்டிக்கிலும் சுரண்டி எடுக்க மெனக்கெட வேண்டாம். அவற்றைத் தனி டிரேயில் போட்டு, சிவப்பு டேக் கட்டி, அடுத்த கட்டம் கீறும் சோதனைக்கும் புதிய ஆளுக்குப் பயிற்சி கொடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.